அப்பா எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார்? வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான தேடல் வழிகாட்டி

அப்பா காலையில் கிளம்பும்போது "கம்பெனிக்குப் போயிட்டு வரேன்" என்பார். அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு பதிவு எண் இருக்கும், அதில் அப்பாவுக்கென்று ஒரு டிக்கெட் நம்பர் (கம்பெனி ஏட்டில் அவருக்குரிய எண்) இருக்கும் என்பதெல்லாம் அவர் இறந்து ஏழு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குப் பென்ஷன் கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். 'பணிபுரிந்த நிறுவனத்தின் பெயர்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை. எண்ணூர் பக்கம் பெரிய கம்பெனியில் மோல்டர், அதாவது வார்ப்படத்துக்கு மணல் அச்சு செய்பவர், என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அது பாதிதான் உண்மை என்று தெரிய எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது.

அந்தப் பதினோரு மாதத்தில் ஆறு மாதத்தைத் தவறான வாசல்களில் நின்று கழித்தேன். அதன் பிறகு தெரிந்தவர்கள் கேட்டு, இன்னும் சில குடும்பங்களுக்கும் இதே தேடலைச் செய்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் அந்த ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பென்ஷனுக்காகத் தேடுபவர்கள் இருப்பார்கள். நுரையீரல் நோய்க்கு டாக்டர் "என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம்?" என்று கேட்டதால் தேடுபவர்கள் இருப்பார்கள். அப்பா நாள் முழுக்க எங்கே நின்றார் என்று தெரிந்துகொள்ள மட்டும் தேடுபவர்களும் உண்டு. எல்லாருக்கும் வழி ஒன்றுதான்.

கேட்டை விடுங்கள், சம்பளம் கொடுத்தது யார்?

வடசென்னையில் ஒருவர் "நான் லேலண்டுல இருந்தேன்" என்றாலோ "எம்.ஆர்.எல்.ல (மெட்ராஸ் ரிஃபைனரீஸ்) இருந்தேன்" என்றாலோ அதற்கு நாலு பொருள் இருக்கலாம். அந்தக் கம்பெனியிலேயே பர்மனென்டாக இருந்திருக்கலாம். அதே கேட்டுக்குள் ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்திருக்கலாம். அந்தக் கம்பெனிக்கு இரும்பை உருக்கி வார்ப்படம் ஊற்றிக் கொடுக்கும் பக்கத்துச் சிறிய ஃபவுண்டரியில் (வார்ப்பு ஆலையில்) இருந்திருக்கலாம். சில வருடம் வெளியே கேஷுவலாக இருந்து, பிறகு உள்ளே போயிருக்கலாம். யாரும் பொய் சொல்லவில்லை. தினமும் நுழைந்த கேட்டின் பெயரைத்தான் மனிதர்கள் சொல்வார்கள்.

ஆனால் பதிவேடுகள் கேட்டைப் பார்த்து எழுதப்படுவதில்லை. சம்பளம் கொடுத்தவர் பெயரில்தான் எல்லாம் இருக்கும். என் அப்பா விஷயத்தில் அதுதான் நடந்தது. அவர் பெயர் இருந்தது பெரிய கம்பெனிக்கு வார்ப்படம் செய்து கொடுத்த ஒரு சின்ன ஃபவுண்டரியின் ஏட்டில். கடைசிச் சில வருடங்கள் ஒரு லேபர் காண்ட்ராக்டரின் ஏட்டில். பெரிய கம்பெனியின் வாசலில் நான் எத்தனை தடவை போய் நின்றாலும் அவர்கள் "எங்க ரோல்ல இல்லீங்க" என்றுதான் சொல்ல முடியும். அது சரியான பதில்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

துறைமுகத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். "ஹார்பர்ல வேலை" என்று சொன்னவர் போர்ட் டிரஸ்ட் ஊழியராக இருந்திருக்கலாம். 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வந்த டாக் லேபர் போர்டில் பதிவு பெற்றவராக இருந்திருக்கலாம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தனியார் ஏஜென்டிடம் கூலிக்கு நின்றவராகவும் இருந்திருக்கலாம். மூன்றுக்கும் ஏடு வேறு வேறு. ஆகவே "எங்கே வேலை பார்த்தார்" என்ற கேள்வியை "சம்பளக் கவர் யாருடையது" என்று மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம்

எந்த ஆபீசுக்கும் போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் தேடுங்கள். எங்கள் வீட்டுக் காகிதங்களில் பாதி 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. வடசென்னையில் பல வீடுகளின் நிலை இதுதான். அப்படியும் எதிர்பாராத இடங்களில் கிடைக்கும்.

சம்பளச் சீட்டு, பி.எஃப். சீட்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், செட்டில்மென்ட் காகிதம் ஆகியவற்றை எல்லாரும் தேடுவார்கள். எல்.ஐ.சி. பாலிசியை யாரும் பார்ப்பதில்லை. பழைய தொழிலாளர்களில் பலர் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் சம்பளச் சேமிப்புத் திட்டத்தில்தான் பாலிசி எடுத்தார்கள். பிடித்து அனுப்பிய நிறுவனத்தின் பெயரோ குறியீடோ அந்தப் பாலிசிப் பத்திரத்திலும் ரசீதிலும் இருக்கும். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பெயர் அப்படித்தான் கிடைத்தது. முதிர்ந்து பணம் வாங்கியாகிவிட்ட பாலிசி, தேவையில்லை என்று அம்மா அரிசி டிரம்முக்கு அடியில் விரித்திருந்தார்.

கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஃபிட்டர், இன்ன கம்பெனி, சென்னை-19' என்று போடுவது அந்தக் கால வழக்கம். சொந்தக்காரர்கள் யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள். அத்தை, சித்தி வீடுகளில் கேளுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

அப்புறம் பாத்திரங்கள். நம் வீட்டு எவர்சில்வரில் பெயர் வெட்டும் பழக்கம் ஒரு பெரிய ஆவணக் காப்பகம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். சங்கத்தின் ஆண்டு விழா, கம்பெனியின் வெள்ளி விழா, உற்பத்தி இலக்கு எட்டிய நாள், கூட்டுறவுச் சங்கத்தின் தீபாவளிப் பரிசு எல்லாம் தூக்குச்சட்டியாகவும் டிபன் கேரியராகவும் குடமாகவும் வீட்டுக்கு வந்தவை. அடிப்பாகத்தையும் கைப்பிடிக்குக் கீழேயும் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தேய்ந்திருந்தால் மாவைத் தடவித் துடைத்துப் பாருங்கள், குழிகளில் மாவு நின்று எழுத்து தெரியும். பித்தளை டோக்கன், லாக்கர் சாவி வளையம், எண் குத்திய ஸ்பானர் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். டைம் ஆபீஸில் கொடுத்த டோக்கனில் இருக்கும் எண்தான் பெரும்பாலும் டிக்கெட் நம்பர். கம்பெனி ஏட்டில் அப்பாவின் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த எண் மாறாது.

கிடைத்ததையெல்லாம் போட்டோ எடுத்து, தேதி வரிசையில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வருடம். காலியாக நிற்கும் வருடங்கள் எவை என்று தெரிவது முக்கியம்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது

"அப்பா எந்தக் கம்பெனி?" என்று கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்றுதான் பதில் வரும். வேறு விதமாகக் கேளுங்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குவார்? சங்கு ஊதுவது வீட்டுக்குக் கேட்குமா? சட்டையில் எது ஒட்டியிருக்கும்? என்ன வாசம்? போனஸ் எந்த மாதம் வரும்? ஸ்டிரைக் நடந்தபோது நான் எந்த வகுப்பு?

ஸ்டேஷன் கேள்வி மட்டுமே பாதி வேலையை முடித்துவிடும். கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்றால் எண்ணெய்க் கிடங்குகள், ரயில் யார்டு, துறைமுகம் சார்ந்த வேலைகள். திருவொற்றியூர், விம்கோ நகர் என்றால் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, கார்போரண்டம், விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, அவற்றைச் சுற்றிய சிறு பட்டறைகள். கத்திவாக்கம், எண்ணூர் என்றால் லேலண்டு, எண்ணூர் ஃபவுண்டரீஸ், பாரி உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம். ரயிலே இல்லை, பஸ்ஸில் மணலி என்றால் ரிஃபைனரி, எம்.எஃப்.எல். (மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்), பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள். பெரம்பூர், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), அயனாவரம் பக்கம் என்றால் பெரும்பாலும் ரயில்வே. செம்பியம் என்றால் சிம்சன் குழுமம், இந்தியா பிஸ்டன்ஸ். ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு என்றால் பின்னி மில்.

துணியும் சொல்லும். நிலக்கரித் தூள் கலந்த மணல் ஒட்டிய கருப்பு ஃபவுண்டரி. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத எண்ணெய்க் கருப்பு டயர் கம்பெனியின் கார்பன். கண்ணை எரிக்கும் அமோனியா வாடை உரத் தொழிற்சாலை. "அப்பா சட்டையைத் தனியாத்தான் ஊறவைப்பேன், மத்த துணியெல்லாம் வீணாப்போயிடும்" என்று அம்மா சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். ஆபீசில் இதற்கு மதிப்பில்லை. ஆனால் எந்த ஆபீசுக்குப் போவது என்று இதுதான் சொன்னது.

பெயர் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும்

அப்பா சொன்ன பெயரில் இன்று தேடினால் பல கம்பெனிகள் கிடைக்காது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் ஃபவுண்டரீஸ் ஹிந்துஜா ஃபவுண்டரீஸ் ஆகி, அதன் பிறகு அசோக் லேலண்டோடே இணைந்துவிட்டது. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-இல் அமைக்கப்பட்டு 1969-இல் ஓடத் தொடங்கியது, 2000-இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சி.பி.சி.எல்.) என்று பெயர் மாற்றிக்கொண்டது. விம்கோ ஐ.டி.சி. கைக்குப் போனது. மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட், சென்னை போர்ட் டிரஸ்ட் ஆகி, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சென்னைத் துறைமுக ஆணையம் ஆனது. மின்வாரியம் 2010-இல் பிரிந்தது, 2024-இல் மறுபடியும் பிரிந்தது. 2017 மார்ச் 31-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் ஊழியர் கோப்பைக் கேட்க நினைத்தால் மின் உற்பத்தியைக் கவனிக்கும் கழகத்திடம் கேட்க வேண்டும்.

தாத்தா காலம் வரை போகிறீர்கள் என்றால் பின்னி மில் கட்டாயம் குறுக்கே வரும். பக்கிங்ஹாம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, இரண்டும் 1920-இல் ஒன்றாயின, 1996-இல் மூடப்பட்டன. 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததே இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பின் வரலாறு 1856 வரை போகும். 1951 ஏப்ரல் 14-க்கு முன்பு சேர்ந்தவர் என்றால் காகிதத்தில் தெற்கு ரயில்வே என்று இருக்காது, எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வே என்று இருக்கும்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் 2011-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. மாவட்டம் என்று பார்த்தால் 2018 வரை திருவள்ளூர், அதற்கும் முன்பு செங்கல்பட்டு. ஆகவே பழைய அரசாணையிலும் அரசிதழிலும் 'சென்னை' என்று மட்டும் தேடினால் எண்ணூர்க் கம்பெனி கிடைக்காமல் போகும்.

பி.எஃப். எண்

எல்லாத் தேடலும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும், ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல் வந்தது. அதற்குள் வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்படும், அந்த எண்ணுக்குள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண். பழைய சீட்டில் டி.என். என்ற எழுத்துகள், சாய்கோடு, ஓர் எண், சாய்கோடு, இன்னோர் எண் என்று இருக்கும். முதல் எண் கம்பெனி, இரண்டாவது எண் உங்கள் அப்பா. இப்போதைய முறையில் மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, அலுவலகத்துக்கு மூன்று எழுத்து, கம்பெனிக்கு ஏழு இலக்கம், கிளை எண்ணுக்கு மூன்று, உறுப்பினருக்கு ஏழு. அலுவலக எழுத்து எம்.ஏ.எஸ். என்றால் சென்னை, ஏ.எம்.பி. என்றால் அம்பத்தூர். பழைய எண்ணில் இலக்கம் குறைவாக இருந்தால் முன்னால் பூஜ்யங்கள் சேர்த்து நிரப்புவார்கள்.

பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' என்று ஒரு பக்கம் உண்டு. யாரும் பார்க்கலாம், கடவுச்சொல் தேவையில்லை. அதில் கம்பெனியின் பெயரில் ஒரு பகுதியையோ குறியீட்டு எண்ணையோ போட்டால் முழுப் பெயரும் முகவரியும் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதும் தெரியும். எண் மட்டும் கையில் இருந்து பெயர் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. பெயரைப் போடும்போது சுருக்கமாகப் போடுங்கள். 'அண்ட் கோ', 'பிரைவேட் லிமிடெட்' எல்லாம் சேர்த்தால் ஒரு புள்ளி மாறினாலும் வராது.

எண் கிடைத்ததும் ராயப்பேட்டை அலுவலகத்துக்கோ அம்பத்தூர் அலுவலகத்துக்கோ போய், கோப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பழைய காலத்தில் நிறுவனங்கள் வருடாவருடம் 3-ஏ என்ற படிவத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பிடித்தத்தையும், 6-ஏ என்ற படிவத்தில் எல்லாருடைய மொத்தக் கணக்கையும் கொடுத்தன. உறுப்பினர்களைச் சேர்த்தபோது கொடுத்த 9-ஆம் படிவத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் உண்டு. "அப்பாவோட ரெக்கார்டு வேணும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட இந்தப் படிவங்களின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. பெரிய கம்பெனிகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அவை சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் வைத்துக்கொள்ளும். அப்படியானால் வைப்புநிதிக் கணக்கு கம்பெனியின் டிரஸ்டில் இருக்கும், பென்ஷன் கணக்கு மட்டும் அரசு அலுவலகத்தில் இருக்கும். ஓரிடத்தில் "இல்லை" என்றால் மற்ற இடத்தில் கேட்காமல் திரும்பி வராதீர்கள்.

குடும்பப் பென்ஷன் திட்டம் 1971-இல் வந்தது. இப்போதைய பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16-இல் வந்தது. அப்பா எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து அம்மாவுக்கு உள்ள உரிமை மாறும். அதனால் விலகிய தேதிக்கு ஆதாரம் தேடுவதில் சலிப்படைய வேண்டாம். பென்ஷன் கோர 10-டி படிவம், இறந்தவரின் வைப்புநிதியைக் கோர 20-ஆம் படிவம்.

ஈ.எஸ்.ஐ. எண் கையில் இருந்தால் அதுவும் இதே மாதிரி வேலை செய்யும். எந்த டிஸ்பென்சரியில் பதிவு, எந்த வருடம் எந்த முதலாளி என்பதை அந்த எண்ணை வைத்துக் கேட்கலாம். அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். அதில் காப்பீட்டு எண் இருக்கும்.

அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டம்

ஐ.சி.எஃப்., பெரம்பூர் லோகோ, கேரேஜ் ஒர்க்ஸ், துறைமுகம், சி.பி.சி.எல்., எம்.எஃப்.எல்., மின்வாரியம் இவற்றில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு வேலை கொஞ்சம் சுலபம். பணிப் பதிவேடு என்று ஒன்று இருந்திருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். மின்வாரியமும் மாநிலத் தொழிலாளர் துறையும் மாநில அரசின் கீழ், மற்றவை மத்திய அரசின் கீழ். ரயில்வேயில் ஒன்றைக் கவனியுங்கள். ஐ.சி.எஃப். தனி நிர்வாகம், பக்கத்திலேயே இருக்கும் லோகோவும் கேரேஜும் தெற்கு ரயில்வே. மாற்றி அனுப்பினால் நாள் போகும்.

தனியார் கம்பெனியிடம் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கம்பெனி கொடுத்த படிவங்களை வைத்திருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அலுவலகங்களிடம் கேட்கலாம். தொழிற்சாலை உரிமம் பற்றிய கோப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் கேட்கலாம்.

நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தங்கள் நிறுவனத்தில் (ஆண்டு) முதல் (ஆண்டு) வரை பணியாற்றிக் காலமான என் தந்தை (பெயர், டிக்கெட் எண், பிறந்த ஆண்டு) அவர்களின் பணிப் பதிவேட்டின் முதல் பக்கம், அவர் பணியாற்றிய பிரிவுகளின் பெயர், பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவை அடங்கிய பதிவுகளின் நகலைக் கோருகிறேன். நான் அவருடைய சட்டப்படியான வாரிசு. வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் இணைத்துள்ளேன். இப்பதிவுகள் தங்களிடம் இல்லையெனில் பிரிவு 6(3)-இன்படி உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கக் கோருகிறேன். அழிக்கப்பட்டிருந்தால், அழிக்க அனுமதித்த ஆணையின் நகலைத் தரக் கோருகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "பதிவேடு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் முடிப்பது எளிது. அழித்த ஆணையைக் கேட்டால், நிஜமாகவே அழித்தார்களா என்று ஒருவராவது ஸ்டோர் ரூமைத் திறந்து பார்ப்பார். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வாரிசுச் சான்று இணைக்காமல் அனுப்பினால் 'மூன்றாம் நபரின் சொந்தத் தகவல்' என்று மறுக்க வழி இருக்கிறது. அந்தச் சான்றைத் தாலுகா ஆபீசில் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கம்பெனியே மூடிப் போயிருந்தால்

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஓடுகிறதா, பதிவு நீக்கப்பட்டதா, இன்னொன்றோடு இணைந்ததா, கலைப்பில் இருக்கிறதா என்று தெரியும். அதில் வரும் 21 எழுத்து, இலக்கங்கள் கொண்ட நிறுவன எண்ணிலேயே மாநிலமும் பதிவான வருடமும் அடங்கியிருக்கும். கூட்டு வியாபாரமாகவோ ஒருவருடைய சொந்தத் தொழிலாகவோ நடந்த சிறு பட்டறைகள் இதில் வராது. எங்கள் அப்பாவின் ஃபவுண்டரி அப்படிப்பட்டது. அவர்களுக்கு பி.எஃப். எண்தான் ஒரே பிடி.

உயர் நீதிமன்ற ஆணையில் கலைக்கப்பட்ட கம்பெனி என்றால் அதன் ஏடுகள் அரசு கலைப்பாளரின் பொறுப்புக்குப் போயிருக்கும். அவருடைய அலுவலகம் ராஜாஜி சாலையில், கார்ப்பரேட் பவனில் இருக்கிறது. தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்காகப் பெயர்ப் பட்டியல் தயாரித்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் பெயர், டிக்கெட் நம்பர், சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம் எல்லாம் இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு இடம் அரசிதழ். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி லேபர் கோர்ட்டும் தீர்ப்பாயமும் கொடுத்த தீர்ப்புகளை அரசு வெளியிட வேண்டும் என்பது 2025 வரை இருந்த விதி. லாக்-அவுட்டிலோ ஸ்டிரைக்கிலோ வேலை போனவர்களின் பெயர்கள் சில தீர்ப்புகளின் இணைப்பில் வரிசையாக இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் பழைய அரசிதழ் தொகுதிகளைப் பார்க்கலாம். காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடத்துக்கு எத்தனையோ கட்டுகள் இருக்கும். அதனால்தான் ஸ்டிரைக் நடந்தபோது நீங்கள் எந்த வகுப்பு என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். வருடம் தெரிந்தால் இரண்டு நாளில் முடியும், தெரியாவிட்டால் மாதக் கணக்காகும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கும். கம்பெனியின் பெயரோடு 'ஒர்க்மென்', 'மேனேஜ்மென்ட்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

கூட வேலை பார்த்தவர்கள்

காகிதம் கம்பெனியின் பெயரைத் தரும். அப்பா எந்த இடத்தில் நின்றார், என்ன செய்தார் என்பதை மனிதர்கள்தான் சொல்ல முடியும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, ஆகவே காகிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் இதைச் சேர்த்தே தொடங்குங்கள்.

சங்க அலுவலகத்துக்குப் போங்கள். எந்தக் கட்சிச் சங்கம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மேடையில் நின்ற தலைவர்களைவிட, சந்தா வசூல் செய்தவர் யார் என்று விசாரியுங்கள். மாதாமாதம் ஒவ்வொருவரிடமும் போய் நின்றவர் அவர். அதே போல ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். கம்பெனி மூடின பிறகும் சில இடங்களில் அந்தச் சங்கம் சில வருடம் ஓடியிருக்கும். உறுப்பினர் ஏடும் கடன் ஏடும் அதில் இருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரின் பெயர் தெரிந்தாலே போதும், அப்பாவின் நெருங்கிய நண்பர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

பிறகு டீக்கடை. திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, எர்ணாவூர், செம்பியம், ஐ.சி.எஃப். பக்கம் காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்களில் யாராவது ஒருவர் ரிட்டயர்டு தொழிலாளியாக இருப்பார். அப்பாவின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரே ஷாப்பில் ஆறு ஆறுமுகம் இருந்திருப்பார்கள். சொந்த ஊர், பட்டப்பெயர், பிரிவு, உடன் போன சைக்கிள்காரர் இதையெல்லாம் சொல்லிக் கேளுங்கள். போட்டோவைக் கையில் வைத்திருங்கள், வேலை பார்த்த வயதில் எடுத்த போட்டோவாக இருக்கட்டும். நான் முதலில் காட்டியது அறுபது வயதுப் படம். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்பாவின் முப்பது வயதுப் படத்தை எடுத்துப் போன அன்று ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம நெட்டை இல்ல? செய்யாறு பக்கத்து ஆளு. நீ நெட்டை பொண்ணா?" என்றார்.

அவர் பேசியதை அனுமதி கேட்டு போனில் பதிவு செய்தேன். நீங்களும் செய்யுங்கள். குறுக்கே பேசாதீர்கள். கோர் ஷாப், மோல்டிங், ஃபெட்லிங், குப்போலா (இரும்பை உருக்கும் உலை) என்று அவர் சொல்லும் பிரிவுப் பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஃபவுண்டரி மணலில் சிலிக்கா உண்டு, அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மண்ணை உடைத்து வார்ப்படத்தைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கில் எத்தனை வருடம் நின்றார் என்பது மருத்துவருக்கு மிகவும் தேவையான தகவல். அப்பாவின் இருமலை நாங்கள் பீடியின் மேலேயே போட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஒன்பது வருடம் ஃபெட்லிங்கில் இருந்தார் என்று அந்தப் பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஓர் உதவியும் கேளுங்கள். அவரிடம் பழைய சம்பளச் சீட்டோ பி.எஃப். சீட்டோ இருக்கிறதா என்று. ஒரே கம்பெனியில் இருந்தவர்களுக்குக் கம்பெனிக் குறியீடு ஒன்றுதான். அவருடைய சீட்டில் இருக்கும் முதல் எண்ணே உங்கள் அப்பாவின் கம்பெனி எண். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. எல்.ஐ.சி. பத்திரத்தில் இருந்த பெயரும் அந்த எண்ணுக்கு இணையதளத்தில் வந்த பெயரும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது டீக்கடை பெஞ்சிலேயே அழுதுவிட்டேன்.

இடத்தைப் போய்ப் பார்ப்பது

முகவரி கிடைத்ததும் கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். 2000-க்குப் பிந்தைய படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். கூரை இருந்ததா, எந்த வருடம் இடித்தார்கள் என்று தெரியும். இன்று விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. மேலே இருந்து பார்த்தால் பழைய தொழிற்சாலை நிலங்களில் பல இப்போது கண்டெய்னர் யார்டாகவும் குடோனாகவும் இருப்பது தெரியும்.

தனியாகப் போகாதீர்கள். முடிந்தால் அந்தக் காலத் தொழிலாளி ஒருவரை ஆட்டோவில் உடன் அழைத்துப் போங்கள். இப்போதைய இடத்துக்காரரிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். ரிஃபைனரி, துறைமுகம், மின் நிலையம் போன்ற இடங்களில் வெளியே நின்றும் போட்டோ எடுக்க வேண்டாம், பாதுகாப்பு விதி உண்டு. கம்பெனி இன்னும் ஓடுகிறது என்றால் சாதாரண நாளில் உள்ளே விடுவது கஷ்டம். ஆயுத பூஜைக்கு முன்பே எச்.ஆரிடம் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் கொடுக்கும் அன்றைக்குத் தொழிலாளர் குடும்பங்களை உள்ளே அனுமதிக்கும் பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு.

எங்கள் அப்பாவின் ஃபவுண்டரி இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. வாட்ச்மேன் நல்லவர், உள்ளே விட்டார். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு நடந்து, தரையில் ஒரு சிமென்ட் மேடு இருந்த இடத்தில் நின்றார். "இங்கதான் குப்போலா. இதோ இந்தப் பக்கம் ஃபெட்லிங். உங்கப்பன் இந்த ஓரத்துல, ஜன்னலுக்குக் கீழ." அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தில் போய் நின்றார். அடுத்த வாரம் விண்ணப்பத்தை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் பெயரை எழுதி, ராயப்பேட்டையில் கொடுத்துவிட்டு வந்தோம்.